செய்மதியை அளப்பவர் யார்?



ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்கோ பொகவந்தலாவைக்கோ போகும் பாதையில் எந்தத் தோட்டத்து லயத்தைப் பார்த்தாலும் தகரக் கூரையின் ஓரத்தில் இரண்டு விதமான டிஷ்களைக் காணலாம். ஒன்று நன்றாக மல்லாந்து தென்கிழக்கை நோக்கியிருக்கும். மற்றது ஏறக்குறைய நிமிர்ந்து நின்று மேற்கைப் பார்க்கும். முதலாவது சன் டைரக்ட் போன்ற இந்தியச் சேவைகளுக்குரியது. சன் டைரக்டின் செய்மதிகள் கிழக்கு நெடுங்கோடு 93.5 பாகையை ஒட்டி இருக்கின்றன. இரண்டாவது டயலொக் தொலைக்காட்சிக்குரியது. அதன் சிக்னல் 45 பாகையிலுள்ள இன்டெல்சட் கலத்திலிருந்து வருகிறது. டிஷ்ஷின் முகத்தை மட்டும் வைத்து அது எங்கே பார்க்கிறது என்று முடிவுகட்டினால் ஏமாந்துபோவோம். சிக்னலைப் பிடிக்கும் எல்.என்.பி.யைத் தாங்கும் கை கீழ்ப்புறமாக நீட்டிக்கொண்டிருப்பதால், முகம் காட்டும் திசைக்குச் சுமார் 25 பாகை மேலேதான் உண்மையான பார்வை போகிறது. கணக்குப் போட்டால், ஹட்டனிலிருந்து 93.5 பாகைச் செய்மதி அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 73 பாகை உயரத்திலும், 45 பாகைச் செய்மதி 48 பாகை உயரத்திலும் இருக்கின்றன. மலைநாட்டுக்கு இது பெரிய வசதி. 1982இல் ரூபவாஹினி தொடங்கியபோது பீதுருதாலகால உச்சியிலிருந்து வந்த அலைகள், இடையில் ஒரு மலைத்தொடர் குறுக்கிட்டால் அதற்கு அப்பாலுள்ள பள்ளத்துத் தோட்டத்துக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. கைத்தொலைபேசிக்கு இன்றும் அதே கதைதான். உச்சிக்கு அருகிலிருந்து இறங்கும் அலையை எந்த மலையும் மறைக்காது. மத்திய கோட்டிலிருந்து 7 பாகைக்குள் வாழ்வதால் நமக்குக் கிடைத்த இலாபம் இது.

இந்த டிஷ்ஷை ஒருமுறை கட்டி, நட்டை இறுக்கிவிட்டால் வருடக்கணக்கில் தொடவேண்டியதில்லை. அதனால் செய்மதி தானாகவே அங்கே நிற்கிறது என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் படிந்திருக்கிறது. அந்த எண்ணம் தவறு என்பதில் தொடங்கி, ஒரு செய்மதி யாருடையது என்பதைத் தீர்மானிப்பது அதன் பெயரோ கொடியோ அல்ல, அது எங்கே இருக்கிறது என்று நாள்தோறும் அளக்கும் திறனே என்பதுதான் இன்றைய என் வாதம். அந்தத் திறனை இலங்கை பெறலாம். பெறுவதற்கு மலையகம் பொருத்தமான இடம். செய்மதி வாங்குவதற்கு முன்பே பெறவேண்டியதும் அதுதான்.

முதலில், நிற்கிறது என்ற தோற்றம் எங்கிருந்து வருகிறது? கடல் மட்டத்திலிருந்து 35,786 கி.மீ. உயரத்தில், மத்திய கோட்டுக்கு நேர்மேலே, செக்கனுக்கு 3.07 கி.மீ. கதியில் ஓடும் பொருள் 23 மணி 56 நிமிடம் 4 செக்கனில் ஒரு சுற்றை முடிக்கிறது. பூமியும் தன்னைத்தானே சுற்ற அதே நேரத்தை எடுப்பதால் அது நம் தலைக்குமேல் நிற்பதாகத் தெரிகிறது. பாடப்புத்தகம் இங்கே நின்றுவிடும். ஆனால் 60 சென்ரிமீற்றர் டிஷ் ஒன்று 12 கிகாஹேர்ட்ஸ் அலைகளுக்கு ஏறக்குறைய 3 பாகை அகலமான கூம்புக்குள் வருவதையெல்லாம் ஒன்றாகவே பார்க்கும். ஆறு முழுநிலவுகளை வரிசையாக வைத்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு. அந்தக் கூம்புக்குள் செய்மதி எவ்வளவு அசைந்தாலும் டிவியில் ஒன்றும் தெரியாது. அதே செய்மதியை 11 மீற்றர் அலைவாங்கியால் பார்ப்பவருக்குக் கூம்பின் அகலம் பாகையின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அவர் மோட்டார் வைத்து அதன் பின்னால் போய்க்கொண்டே இருக்கவேண்டும். ஆக, கூரையில் நாம் காணும் அசைவின்மையில் பாதி, நம் கருவியின் மழுக்கத்தால் வந்தது.

மறுபாதியைத் தருவது மனித உழைப்பு. சூரியனும் சந்திரனும் பக்கவாட்டில் இழுப்பதால் செய்மதியின் பாதை மத்திய கோட்டிலிருந்து வருடத்துக்கு 0.75 முதல் 0.95 பாகை வரை சாய்கிறது. சாய்ந்த கலம் நாளுக்கு ஒருமுறை வடக்கும் தெற்குமாக ஆடும். இன்னொரு விசை இதைவிடச் சுவையானது. பூமியின் மத்திய கோடு சரியான வட்டமல்ல, சற்றே நீள்வட்டம். அதனால் புவிநிலைப் பாதையில் இரண்டு இடங்கள் பள்ளங்கள்போல் அமைந்துள்ளன: ஒன்று மேற்கு 105 பாகை, மற்றது கிழக்கு 75 பாகை. கைவிடப்பட்ட எந்தச் செய்மதியும் பக்கத்திலுள்ள பள்ளத்தை நோக்கிச் சரியும். 93.5 பாகையில் நிற்கும் கலத்தைக் கிழக்கு மேற்காகத் திருத்தாமல் விட்டால், என் கணக்குப்படி, ஏறக்குறைய இரண்டு மாதத்தில் 2 பாகை மேற்கே வந்துவிடும். அந்த 2 பாகையில் அடுத்த செய்மதி இருக்கிறது. 2010 ஏப்ரலில் கலக்ஸி-15 என்ற அமெரிக்கச் செய்மதி கட்டளைகளை ஏற்க மறுத்து, ஒளிபரப்பை மட்டும் நிறுத்தாமல், மேற்கு 133 பாகையிலிருந்து கிழக்கே நழுவத் தொடங்கியது. வழியிலிருந்த செய்மதிகளின் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக அதற்கு விலகி இடம் கொடுத்தார்கள். அது மீண்டும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது அந்த வருட டிசம்பரில்தான். எங்கே வரும், எப்போது வரும் என்று முன்கூட்டியே அளந்து சொல்ல முடிந்ததால்தான் பெரிய குழப்பமில்லாமல் போனது.

75 பாகைப் பள்ளம் நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. மாலைதீவுக்குக் கிழக்கே, மத்திய கோட்டின் மேல் இருக்கிறது. ஹட்டனிலிருந்து பார்த்தால் தலையுச்சியிலிருந்து 10 பாகை மட்டுமே தள்ளி. உயிர்போன செய்மதிகள் பல அந்த இடத்தை நடுவாகக்கொண்டு வருடக்கணக்கில் ஊசலாடுகின்றன. இந்தப் பாதையையும் நம் மலையையும் கதையில் இணைத்தவரும் உண்டு. ஆதர் சி. கிளார்க் 1979இல் வெளியிட்ட ‘த ஃபவுண்டன்ஸ் ஒவ் பரடைஸ்’ நாவலில் விண்வெளிக்கு ஏறும் பாரந்தூக்கியின் அடிவாரமாக ஒரு மலையைக் காட்டுகிறார்; அதற்கு மாதிரி, மஸ்கெலியாத் தோட்டங்களுக்கு மேலே நிற்கும் சிவனொளிபாதமலை. கதைக்காகத் தீவையே தெற்கே மத்திய கோட்டுக்கு நகர்த்திவிட்டார். நாவலாசிரியருக்கு அந்தச் சலுகை உண்டு.

செய்மதியை நிறுத்திவைக்கும் உழைப்பு எப்படி நடக்கிறது என்பதைச் சற்றுக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். இந்தியாவின் புவிநிலைச் செய்மதிகளைப் பராமரிப்பது 1982 முதல் இயங்கும் கர்நாடகத்தின் ஹாசன் கட்டுப்பாட்டு நிலையம். 2005இல் போபாலில் இன்னொன்று சேர்ந்தது. நிலத்திலிருந்து ஒரு சீரான தொனியை அனுப்புவார்கள். செய்மதி அதை அப்படியே திருப்பி அனுப்பும். போய்வர ஏறத்தாழ கால் செக்கன். அனுப்பிய தொனிக்கும் வந்த தொனிக்கும் இடையிலான கட்ட வித்தியாசத்திலிருந்து தூரத்தை மீற்றர் கணக்கில் எடுப்பார்கள். அலைவாங்கி எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்பதையும் சேர்த்து, இப்படி ஒரு நாளோ இரண்டு நாளோ தொடர்ந்து அளந்தால் பாதை முழுதும் கணக்கில் வந்துவிடும். பிறகுதான் எந்த உந்தியை எத்தனை செக்கன் எரிப்பது என்ற முடிவு. செய்மதிக்கு ஒதுக்கப்பட்ட இடம் பெரும்பாலும் நடுவிலிருந்து இருபுறமும் 0.05 அல்லது 0.1 பாகை. 0.05 என்றால் எண்ணிக்கையில் சிறிதாகத் தெரியும். அந்த உயரத்தில் அது பக்கத்துக்கு 37 கி.மீ. உந்துபொருள் தீர்ந்துபோனால், மற்றக் கருவிகளெல்லாம் நன்றாக இருந்தாலும், செய்மதியின் வேலை முடிந்தது.

நம் கூரைகளோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட இன்சட்-4பியின் கதை இதற்கு நல்ல சான்று. 2007 மார்ச்சில் பிரெஞ்சுக் கயானாவிலிருந்து ஏவப்பட்டு 93.5 பாகையில் நிறுத்தப்பட்டது. சன் டைரக்ட் சேவை அதன்மேல்தான் தொடங்கியது. 2010 ஜூலையில் சூரியத்தகடு ஒன்றில் ஏற்பட்ட கோளாறால் மின்சாரம் குறைந்து, கொள்ளளவில் பாதியை அணைக்கவேண்டி வந்தது. சேவை 91.5 பாகையிலிருந்த மலேசியாவின் மீசட்-3க்கு மாறியது. 3 பாகைக் கூம்பு என்று சொன்னேனே, நடுவிலிருந்து ஒன்றரைப் பாகைதான் அதன் எல்லை. ஆகவே டிஷ்களையும் திருப்பவேண்டியிருந்தது. ஹாசனிலும் சென்னையிலும் எடுக்கப்பட்ட முடிவு, தோட்டத்தில் கூரைக்கு ஏறிய டிஷ் கட்டுபவரின் கையில் ஒரு நட்டுத் திருகலாக வந்து முடிந்தது. அடுத்த 11 வருடமும் அந்தக் கலத்தை அளந்துகொண்டே இருந்தார்கள். 2022 ஜனவரி 17 முதல் 23 வரை 11 தடவை உந்தி, புவிநிலைப் பாதைக்குச் சுமார் 340 கி.மீ. மேலே ஏற்றி, 24ஆம் திகதி அணைத்தார்கள். இடம் மற்றவர்களுக்குத் துப்புரவாகக் கிடைத்தது. கடைசி நாள்வரை அளக்க முடிந்தவருக்கே அது சாத்தியம்.

இனி இலங்கைக்கு வருவோம். 2012 நவம்பர் 27ஆம் திகதி சீனாவின் சிசாங் ஏவுதளத்திலிருந்து ஒரு செய்மதி போனது. 87.5 பாகையில் நிறுத்தப்பட்டது. நாட்டின் முதல் செய்மதி என்று இங்கே கொண்டாடினோம். அது சைனாசட்-12, பிரெஞ்சு-இத்தாலிய நிறுவனமான தலேஸ் அலெனியா கட்டியது, இயக்குவது சீன நிறுவனம். அதன் கொள்ளளவின் ஒரு பகுதிக்குத்தான் சுப்ரீம்சட்-1 என்று பெயர். வாடகைக்கு எடுப்பதில் தவறேதும் இல்லை, உலகத்தில் பல நாடுகள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் அதை நம்முடையது என்று சொல்ல வேறொன்று தேவை. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பறிப்பவர் ஒருவர், கூடை அவருடையது, இலையும் அவர் கையால் வந்தது; ஆனால் தண்ணீர்க் கழிவு எவ்வளவு, கூடைக் கழிவு எவ்வளவு, அன்றைக்குப் பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழுமா விழாதா என்பதெல்லாம் தராசைப் பிடித்திருப்பவர் சொல்வதுதான். கேள்வி கேட்க வேண்டுமானால் கையில் இன்னொரு தராசு வேண்டும். 87.5 பாகையில் அந்தச் செய்மதி இன்று எங்கே நிற்கிறது, அதன் உந்துபொருள் எத்தனை வருடத்துக்குப் போதும் என்று நமக்குத் தெரிய, இயக்குபவரோ வேறு நாட்டவரோ சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. 1945இல் புவிநிலைச் செய்மதிகளைப் பற்றிக் கட்டுரை எழுதிய கிளார்க், 1956இல் குடியேறிய நாடு இது. 1975இல் இந்தியா சைட் என்னும் செய்மதித் தொலைக்காட்சிப் பரிசோதனையை நடத்தியபோது, இஸ்ரோ பொறியியலாளர்கள் அவருடைய கொழும்பு வீட்டில் பெரிய டிஷ் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்கள். இலங்கையில் தொலைக்காட்சி நிலையமே அப்போது கிடையாது. வாங்கிப் பார்ப்பதில் நாம் அன்றே முதலிடம். அரை நூற்றாண்டாக அந்த இடத்தைவிட்டு நகரவில்லை என்பதுதான் என் குறை.

இதற்கு உடனே வரும் மறுப்பு: சொந்தக்காரர் அளக்கட்டும், நமக்கு என்ன? நாம் காசு கொடுத்துப் பார்ப்பவர்கள்தானே? இதில் நியாயம் இருக்கிறது, ஓர் எல்லைவரை. சொந்தக்காரரின் அளவு சொந்தக்காரருக்காக எடுக்கப்படுவது. அதை வெளியிட அவருக்குக் கடமையில்லை. 2024 ஒக்டோபர் 19ஆம் திகதி, இந்து சமுத்திரத்துக்கு மேலே 60 பாகையில் இருந்த இன்டெல்சட்-33இ திடீரென்று உடைந்து சிதறியது. துண்டுகளின் எண்ணிக்கையில் அமெரிக்கப் படையினர் ஒன்று சொன்னார்கள், மற்றக் கண்காணிப்பாளர்கள் வேறொன்று சொன்னார்கள். அந்தத் துண்டுகளும் 75 பாகைப் பள்ளத்தின் இழுப்புக்கு விலக்கல்ல. இப்படிப்பட்ட வேளையில் வெவ்வேறு இடங்களிலிருந்து சுதந்திரமாக எடுத்த அளவுகளை ஒப்பிட்டுத்தான் உண்மையை நெருங்க முடியும். அளப்பது பெரிய வல்லரசுகளின் வேலை என்ற நினைப்பையும் வரலாறு பொய்யாக்கியிருக்கிறது. 1966இல் இங்கிலாந்தின் கெற்றரிங் கிராமர் பாடசாலையில் பௌதிகவியல் ஆசிரியர் ஜெஃப்ரி பெரியும் மாணவர்களும் ஒரு சாதாரண வானொலி வாங்கியால் சோவியத் செய்மதிகளின் சிக்னல்களைக் கேட்டுக் குறித்துவந்தார்கள். அந்த மார்ச்சில் ஏவப்பட்ட கொஸ்மொஸ்-112இன் பாதை பழைய ஏவுதளத்தோடு பொருந்தவில்லை என்று கண்டு, மொஸ்கோ வாய்திறக்காத பிளெசெட்ஸ்க் ஏவுதளத்தை உலகத்துக்கு அறிவித்தது அந்தப் பாடசாலைதான். அவர்கள் செய்மதிக்குக் கட்டளை கொடுக்கவில்லை, யாரிடமும் அனுமதி கேட்கவுமில்லை. கேட்டார்கள், நேரம் குறித்தார்கள், கணக்குப் போட்டார்கள்.

புவிநிலைச் செய்மதியை அப்படி அளக்க என்ன வேண்டும்? ஆரம்பப் பாடத்துக்குக் காசே வேண்டாம். வருடத்தில் இரண்டு பருவங்களில் சூரியன் செய்மதிக்கு நேர்பின்னால் போகும். சூரியனின் வானொலி இரைச்சல் சிக்னலை மூழ்கடித்து, படம் சில நிமிடம் உடைந்துபோகும். ரிசீவர் பழுது என்று பலர் அதைத் தட்டிப் பார்ப்பதுண்டு. மலையகத்துக்கு இந்த நாட்கள் மார்ச் 17ஐயும் செப்டெம்பர் 26ஐயும் ஒட்டி வருகின்றன. டெல்லியில் மார்ச் 8, 9லேயே வந்துவிடும், யாழ்ப்பாணத்தில் நமக்கு ஒரு நாள் முந்தி. இந்த நாள் வித்தியாசம் ஒவ்வோர் ஊரின் அகலக்கோட்டிலிருந்து வருகிறது. மார்ச்சில் 93.5 பாகை டிஷ்ஷுக்கு அது காலை 11.15 அளவில், 45 பாகை டிஷ்ஷுக்குப் பிற்பகல் 3 மணி அளவில். படம் உடைந்த நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் நான்கைந்து நாட்கள் எழுதிவைத்தால், நடு நேரத்திலிருந்து செய்மதியின் நெடுங்கோட்டைப் பாகையின் சிறு பின்னத்துக்குள் சொல்லிவிடலாம். க.பொ.த. சாதாரண தரத் திரிகோணகணிதமே பெரும்பாலும் போதும்.

அடுத்த படிக்குக் கொஞ்சம் காசு வேண்டும். ஒரே ஒளிபரப்பை நான்கு இடங்களில் ஒரே நேரத்தில் பதிவுசெய்து, எந்த இடத்துக்கு எவ்வளவு முந்தி வந்தது என்று ஒப்பிடுவது. ஐரோப்பாவில் பரிசோதித்துப் பார்த்த முறை இது. செய்மதிக்கு ஒன்றும் அனுப்பத் தேவையில்லை. பத்தனையிலுள்ள ஸ்ரீ பாத தேசிய கல்வியியற் கல்லூரி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம், கட்டுபெத்தையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனம் ஆகிய நான்கை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. பத்தனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 310 கி.மீ. செய்மதி வடக்குத் தெற்காக 70 கி.மீ. நகர்ந்தால் இந்த இரண்டு இடங்களுக்குமான பாதை வித்தியாசம் 600 மீற்றர் அளவுக்கு மாறும். நேரத்தில் 2 மைக்ரோசெக்கன். ஜி.பி.எஸ்.ஸோடு இணைத்த சாதாரண மணிக்கூடு 50 நனோசெக்கன் வரை நம்பத்தக்கது. ஆகவே செய்மதியின் இடத்தை 2 கி.மீ. அளவுக்குக் கண்டுபிடிக்கலாம். கிழக்கு மேற்குத் திசையில் நம் தீவு ஒடுங்கியது. கட்டுபெத்தையிலிருந்து வந்தாறுமூலைவரை நெடுங்கோட்டு வழியில் 185 கி.மீ.தான். அங்கே துல்லியம் சற்றுக் குறையும். உயரத்தை நேரடியாக அளப்பது இந்தச் சிறு தூரங்களால் முடியாது. நாட்கணக்கில் எடுத்த அளவுகளைப் பாதையின் சமன்பாடுகளோடு பொருத்தித்தான் பெறவேண்டும். நுவரெலியாவின் பனிமூட்டம் இதற்குக் குறுக்கே வராது. தொலைநோக்கிக்கு அது சத்துரு, இந்த அலைகளுக்கு அல்ல. தென்மேற்குப் பருவத்தின் கொட்டும் மழையில் மட்டும் சில மணிநேரம் விட்டுப்போகும்.

இன்னொரு மறுப்பு இளைஞர்களிடமிருந்து வரும்: 2024 ஓகஸ்டில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையத்துக்கு இலங்கையில் உரிமம் கிடைத்தது, 2025 ஜூலையில் சேவையும் வந்துவிட்டது, சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் ஆயிரக்கணக்கில் பறக்கும் கலங்களின் காலத்தில் புவிநிலைச் செய்மதி பழங்கதை அல்லவா? இணையத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் தாழப் பறக்கும் கலங்கள் புவிநிலைச் செய்மதிகளின் சிக்னலைக் குழப்பக்கூடாது என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதி. புவிநிலைச் செய்மதிகள் வரிசையாக நிற்கும் வளைவை ஒட்டிய திசைகளை அவை தவிர்க்கவேண்டும். லண்டனில் அந்த வளைவு தெற்கே தாழ்வாகக் கிடக்கிறது. இங்கே அது ஏறக்குறைய தலையுச்சியில், வானத்தின் நல்ல பகுதியைக் கிழக்கிலிருந்து மேற்காக வெட்டிக்கொண்டு போகிறது. விதியைக் கடைப்பிடிக்கிறார்களா என்று பார்க்க நமக்கு எந்தக் கருவியும் இல்லை. புதியது வந்ததால் அளக்கும் தேவை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

மிகக் கனமான மறுப்பைக் கடைசிக்கு வைத்தேன். நாட்சம்பளத்துக்கே வருடக்கணக்காகப் போராடும் மக்கள், பல லயங்களில் ஒழுகும் கூரை, உயர்தரத்தில் பௌதிகவியல் படிப்பிக்க ஆளில்லாத தமிழ்ப் பாடசாலைகள். இங்கே வந்து செய்மதி பேசுவது அடுக்குமா? சம்பளத்தையும் கூரையையும் இது தீர்க்காது; தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆசிரியர் பற்றாக்குறை என்ற பகுதியில் மட்டும் எனக்குச் சொல்ல இருக்கிறது. செய்முறை இல்லாத பௌதிகவியலுக்கு ஆசிரியர் கிடைத்தாலும் நிலைப்பதில்லை. பத்தனைக் கல்லூரியைப் பல்கலைக்கழகங்களுக்கு முன்னால் நான் பெயர் சொன்னதற்குக் காரணம், மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்கள் பயிலும் இடம் அது என்பதுதான். அங்கே இரண்டு வருடம் ஒரு செய்மதியை அளந்த ஆசிரியர் பொகவந்தலாவைக்குப் போனாலும் இராகலைக்குப் போனாலும், மாணவனின் வீட்டுக் கூரையிலிருக்கும் டிஷ்ஷே அவருக்கு ஆய்வுகூடம். செலவும் ஏற்கெனவே பாதி ஆகிவிட்டது, டிஷ்ஷும் எல்.என்.பி.யும் தோட்டத்தார் தங்கள் காசில் வாங்கியவை.

எதை முதலில் அளப்பது என்று கேட்டால், 93.5 பாகையிலுள்ள ஜிசட்-15ஐச் சொல்வேன். 2015 நவம்பரில் ஏவப்பட்டது, சிக்னல் வலுவானது. இரசாயன உந்திகளால் திருத்தப்படும் கலமாதலால் ஒவ்வொரு திருத்தமும் வரைபடத்தில் திடீர் முறிவாகத் தெரியும், தொடக்கநிலை மாணவருக்கும் கண்டுபிடிக்கச் சுலபம். இரண்டாவது, 97 பாகையை ஒட்டியுள்ள ஜிசட்-9 என்ற தெற்காசியச் செய்மதி. இந்தியா அயல்நாடுகளுக்கென்று 2017 மே 5ஆம் திகதி ஏவியது, இலங்கையும் பங்காளி. ஏழு நாள் கழித்து நோர்வூட் மைதானத்தில் மலையக மக்கள் முன் பேசிய இந்தியப் பிரதமருக்கு நாம் கைதட்டினோம். அந்தக் கலத்தின் பங்கை எதற்குப் பயன்படுத்தினோம் என்பது வேறு விசாரணை. ஜிசட்-9இல் மின்னுந்தி இருக்கிறது. அது மணிக்கணக்கில் மெதுவாகத் தள்ளும், முறிவு தெரியாது. அதைப் பிரித்தெடுக்கக் கணக்கில் கைதேர்ந்திருக்கவேண்டும். இரண்டையும் முடித்த குழுவுக்கு மூன்றாவதாக 87.5 பாகையைக் கொடுக்கலாம். பத்தனையிலிருந்து பார்த்தால் அது 78 பாகை உயரத்தில், மற்ற இரண்டையும்விட எளிதாகவே கிடைக்கும். சுப்ரீம்சட்-1 என்ற பெயரில் நாம் கொண்டாடியது எங்கே நிற்கிறது என்று இலங்கையில் எடுத்த முதல் அளவு அதுவாக இருக்கும்.